மாடக்கண்ணுவின் காது

எட்டயபுரம் ரோட்டில் என் லேத் பட்டறைக்கும் மாடக்கண்ணுவின் மோட்டார் காயில் கட்டும் கடைக்கும் நடுவில் ஒரு தகரம்தான் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அவன் தும்மினால் எனக்குத் தெரியும். நான் யாரையாவது வைதால் அவன் அங்கிருந்தே சிரிப்பான்.

குளத்தூர்ப் பக்கம் மானாவாரிக்காரர் வீட்டுப் பிள்ளை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல மழை பொய்த்து, போட்ட உளுந்தும் பருத்தியும் கரிசலிலேயே காய்ந்துபோனபோது, கோவில்பட்டியில் ஒரு காயில் கடையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். செம்புக் கம்பி சுற்றப் படித்தான். கம்பி சுற்ற யாரும் படிக்கலாம். ஆனால் மாடக்கண்ணுவுக்கு ஒரு காது இருந்தது. ஸ்குரூ டிரைவரின் முனையை மோட்டார் மேல் ஊன்றுவான், பிடியைக் காதில் வைப்பான், கண்ணை மூடுவான். "பேரிங்" என்பான். அல்லது "ரோட்டர் உரசுது" என்பான். கழற்றிப் பார்த்தால் அவன் சொன்னதுதான் இருக்கும்.

ஒரு தடவை கழுகுமலைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில் "இறக்கி விடும், இறக்கி விடும்" என்று கத்தி இறங்கிவிட்டான். நானும் பின்னாலேயே இறங்கினேன். ரோட்டை விட்டு உள்ளே கிணற்றில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நேரே தோட்டத்துக்காரச் சம்சாரியிடம் போனான்.

"ஒம்ம மோட்டார்ல கீழ்ப் பேரிங் போவுது. நிப்பாட்டிப் பாரும்."

"யாருவே நீ?"

"கோவில்பட்டிக்காரன். பஸ்ஸுல போனேன். காதுல விழுந்துது."

"பொழப்பத்த பயலா இருப்ப போல. தண்ணி பாயுத நேரத்துல நிப்பாட்டச் சொல்லுத. போவே அங்கிட்டு!"

அடுத்த பஸ் வர ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். நான் அவனை வையாத வசவு இல்லை. ஒன்பதாம் நாள் அந்த சம்சாரி மோட்டாரை டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு, விசாரித்துக் கடை வாசலில் வந்து நின்றார். "மவராசா, கீழ்ப் பேரிங்தான்" என்றார். அன்று முதல் மாடக்கண்ணுவின் பேச்சுக்கு எங்கள் ரோட்டில் மறுபேச்சு கிடையாது. அவனுக்கும் தன் காதின் மேல் சந்தேகம் என்பதே வந்ததில்லை.

இரண்டாயிரத்து எட்டு சித்திரையில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அவனுக்கு ஒரே மகள், சுகுணா. இன்ஜினியரிங் காலேஜில் கடைசி வருஷம். சென்னையில் ஒரு கம்பெனிக்காரர்கள் காலேஜுக்கே வந்து பரீட்சை வைத்து அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஆகஸ்டில் சேர வேண்டும். அதற்கு ஒரு பாடம்கூடத் தேறாமல் நிற்கக் கூடாது. எல்லாப் பாடமும் முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது புராஜெக்ட் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் அவசரமாக ரத்தம் வேண்டுமென்றால், எந்த வகை ரத்தம் யாரிடம் இருக்கிறது, எந்த ஊரில் இருக்கிறார் என்று கம்ப்யூட்டரே தேடிச் சொல்லுமாம். நாலு பெண்கள் சேர்ந்து செய்வது. நாலு பாகம், ஆளுக்கு ஒரு பாகம். வெளியூர் வாத்தியார் ஒருவர் திங்கள்கிழமை காலேஜுக்கு வந்து அதை ஓட்டிப் பார்த்து, கேள்வி கேட்டு, ஆளுக்குத் தனித்தனியாக மார்க் போடுவார்.

நாலு பேரில் லேப்டாப் இருந்தது சுகுணாவிடம் மட்டும். பெங்களூரில் இருக்கும் அவள் சித்தி மகன் பழசாகிவிட்டதென்று கொடுத்தது. காலேஜ் லேப் லீவுக்குப் பூட்டியாகிவிட்டது. அதனால் நாலு பேர் வேலையும் அந்த ஒரு பெட்டிக்குள் கிடந்தது.

பரீட்சைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை லேப்டாப் கரகரவென்று இரைய ஆரம்பித்தது. சோளம் திரிக்கிற மாதிரி இரைச்சல். அந்தப் பிள்ளை பயந்துபோய்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தது.

மாடக்கண்ணு வழக்கம்போல ஸ்குரூ டிரைவரை ஊன்றிக் கேட்டான். சிரித்தான்.

"ஃபேன் தாயி. குட்டி ஃபேன் ஒண்ணு உள்ள இருக்கு. தூசி அடைச்சிருக்கு."

கழற்றினான். அவன் சொன்னது சரி. நம்ம ஊர்க் கரிசல் தூசி, தலைமுடி, அவன் பெண்டாட்டி இசக்கியம்மாள் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிற காகிதத் துணுக்கு எல்லாம் சேர்ந்து மெத்தை மாதிரி கிடந்தது. ஊதி எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மூடினான். இரைச்சல் போன இடம் தெரியவில்லை.

ஆனாலும் சுகுணாவுக்கு மனசு ஆறவில்லை. "எதுக்கும் நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போயி எல்லாத்தையும் ஒரு சிடியில ஏத்திட்டு வந்துரட்டாப்பா? மாசி மாசம் எடுத்த காப்பிதான் கையில இருக்கு."

"இந்த வெயில்ல எதுக்கு அலையுத? நான் பாத்துட்டேன்லா. அது வெறும் ஃபேன். நீ போயி வேலையப் பாரு."

தகரத்துக்கு இந்தப் பக்கம் இருந்து நானும் சேர்ந்து சொன்னேன்: "ஒங்க அப்பனே சொல்லிட்டான். அப்புறம் என்ன தாயி?"

அவள் போய்விட்டாள்.

பெரிய சத்தம் நின்ற பிறகுதான் சின்னச் சத்தம் கேட்க ஆரம்பித்திருக்கிறது. டிக், டிக், டிக். கொஞ்ச நேரம் இருக்காது. மறுபடி டிக், டிக், டிக். லேப்டாப்பை அவள் வைத்திருந்தது சுவரோரம், காலண்டருக்குக் கீழே. அந்த வீட்டுச் சுவரில் பல்லிக்குப் பஞ்சமே இல்லை. இசக்கியம்மாள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே, "எம்மவ மெட்ராசுல வேலைக்குச் சேந்துருவா" என்று சொல்லியிருக்கிறாள். உடனே டிக், டிக், டிக். அவ்வளவுதான், விரலை மடக்கித் தரையில் மூன்று தட்டுத் தட்டினாள். நம்ம பக்கம் பல்லி சொன்னால் அப்படித் தட்டுவது வழக்கம். சொன்ன பேச்சு பலிக்கும் என்பார்கள்.

"இது பல்லியாம்மா?" என்று சுகுணா ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

"பின்ன? நீ பொறந்தன்னைக்கும் இப்பிடித்தான் சொல்லுச்சு."

மூன்று நாளும் அந்தச் சத்தம் வந்திருக்கிறது. வர வர அடிக்கடி வந்திருக்கிறது. இசக்கியம்மாள் ஒவ்வொன்றுக்கும் தட்டினாள். எதிர்த்த வீட்டு மாரித்தாயிடம் போய், "எங்க வீட்டுப் பல்லி ஓயாம சொல்லுதுட்டி" என்று சந்தோஷப்பட்டாள். மாடக்கண்ணுவும் வீட்டில்தான் இருந்தான். சாப்பிட்டான், தூங்கினான், அந்தச் சத்தத்தைக் கேட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்டு போய்விட்டது. அந்த வருஷம் தினமும் போகும். லேப்டாப்பின் பேட்டரி கால் மணி நேரம்கூடத் தாங்காது. என் பட்டறையில் ஜெனரேட்டர் இருந்ததால், சுகுணா அதை அணைக்காமலேயே தூக்கிக்கொண்டு இங்கே வந்தாள். கூட இசக்கியம்மாள் சோற்று வாளியோடு வந்தாள். மாடக்கண்ணு என் வாசலிலேயே சாப்பிட உட்கார்ந்தான். உள்ளே பூராவும் இரும்புத் தூள் என்பதால், வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த டீசல் டிரம் மேல் லேப்டாப்பை வைக்கச் சொன்னேன். ஜெனரேட்டரைச் சுற்ற ஹேண்டிலை எடுத்தேன்.

ரோட்டில் ஒரு மோட்டார் ஓடவில்லை. பக்கத்து மாவு மில் ஓடவில்லை. அப்படி ஒரு அமைதி.

"திங்கக்கெழம நல்லபடியா முடிஞ்சிரும் பாரு" என்றாள் இசக்கியம்மாள்.

டிக், டிக், டிக்.

அவள் உடனே குனிந்து டிரம்மில் மூன்று தட்டுத் தட்டினாள். "பாத்தீங்களா அண்ணாச்சி, இங்கனயும் சொல்லுது!"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. "இசக்கியம்மா, இங்கன ஏது பல்லி? மண்டைக்கு மேல ஆகாசம்லா இருக்கு."

"தகரத்துல எங்கயாவது இருக்கும்."

"அந்தத் தகரத்துல கைய வச்சுப் பாரு. கொப்புளிச்சிரும். பல்லி என்ன, ஈ உக்காராது."

டிக், டிக், டிக்.

மாடக்கண்ணு சோற்றைப் பிசைந்த கையோடு எழுந்தான். கையைக் கழுவவில்லை. இடது கையால் ஸ்குரூ டிரைவரை எடுத்து லேப்டாப்பின் ஓரத்தில் ஊன்றி, காதை வைத்தான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ மோட்டாரை அவன் அப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கேட்டதும் முகம் தெளியும். அன்றைக்குத் தெளியவில்லை. வெளிறிப்போனது.

"என்னலே?" என்றேன்.

"உள்ள என்னமோ ஒண்ணு போயிப் போயி முட்டுது அண்ணாச்சி. முட்டிட்டுத் திரும்புது. மறுபடி முட்டுது."

சுகுணா உடனே லேப்டாப்பை அணைத்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் பாலகணேஷ். என் வண்டியில் சுகுணாவையும் மாடக்கண்ணுவையும் ஏற்றிக்கொண்டு போனேன். பாலகணேஷ் ஒரே ஒரு தடவை ஆன் செய்தார், சத்தத்தைக் கேட்டார், உடனே அணைத்தார்.

"ஹார்ட் டிஸ்க். எத்தன நாளா இந்தச் சத்தம்?"

சுகுணாதான் சொன்னாள். "மூணு நாளு."

"மூணு நாளா ஓட்டுனீங்களா? மொத நாளே வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல எல்லாத்தையும் எடுத்துக் குடுத்திருப்பேனே."

மாடக்கண்ணு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாலகணேஷ் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உள்ளே ஒரு தட்டு சுற்றுமாம். தட்டு மேல் ஒரு ஊசி போய்ப் போய் எழுதியதைப் படிக்குமாம். ஊசி தன் இடத்தைத் தேடிப் போய், கிடைக்காமல், கரையில் முட்டித் திரும்புகிறது. அதுதான் டிக், டிக். சென்னைக்கு அனுப்பினால் எடுத்துத் தருகிறவர்கள் உண்டு. இருபது நாளாகும்.

"திங்கக்கெழம காலைல பரீட்சை சார்" என்றாள் சுகுணா.

அவர் யோசித்தார். "ஒரு வழி இருக்கு. சொல்லவே யோசனையா இருக்கு. டிஸ்க்கக் கழட்டி, பாலித்தீன்ல சுத்தி, ரெண்டு மணி நேரம் ஐஸ் பெட்டியில வச்சா, சிலது குளுந்து கொஞ்ச நேரம் ஓடும். பத்து நிமிஷம் ஓடலாம். ஓடாமலும் போவலாம். அதோட மொத்தமா செத்தும் போவலாம். அப்புறம் சென்னைக்காரனாலயும் எடுக்க முடியாது."

நான் மாடக்கண்ணுவைப் பார்த்தேன். எந்த மெஷின் விஷயமானாலும் முதலில் வாய் திறப்பவன், "நீயே சொல்லு தாயி. எங்கிட்ட கேக்காத" என்றான்.

"வைங்க சார்" என்றாள் அவள்.

கீழே சோலைராஜ் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கம்ப்யூட்டர் சாமானா? ஏன் அண்ணாச்சி, வெளிய வச்சா கெட்டுப் போயிருமா?"

"கெட்டுப்போனதாலதான்வே வைக்கச் சொல்லுதோம்."

கரண்டு வந்துவிட்டிருந்தது. குச்சி ஐஸுக்கும் பால் ஐஸுக்கும் நடுவில் அந்தப் பொட்டலத்தை வைத்தார். மாடக்கண்ணு அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்தரம், கோவிலுக்குப் போகிறவர்கள் வருகிறார்கள், ஐஸ் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவை மூடி திறந்தபோதும், "மூடும், மூடும்! குளிரு போவுது!" என்று கத்தினான்.

"வேய், நான் யாவாரம் பாக்கவா வேண்டாமா?" என்றார் சோலைராஜ்.

"ரெண்டு மணி நேரம் அண்ணாச்சி. ஒம்ம காலப் பிடிச்சுக்கிடுதேன்."

சொன்னதோடு நிற்காமல் குனிந்தும் விட்டான். சோலைராஜ் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். அதற்குப் பிறகு ஐஸ் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம், "பெட்டி ரிப்பேரு, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஐந்து மணிக்கு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். மாடக்கண்ணு படியேறவில்லை. "நீங்க போங்க அண்ணாச்சி. நான் இங்கன நிக்கேன்" என்றான். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க அவனால் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

பாலகணேஷ் டிஸ்கைத் தன் கம்ப்யூட்டரில் ஒரு வயரால் கோத்தார். சுற்றியது. முட்டவில்லை. திரையில் நாலு மஞ்சள் பை தெரிந்தது. நாலு பெண்களின் பெயரும் இருந்தது.

"சீக்கிரம் சொல்லும்மா. எத மொதல்ல எடுக்க?"

"ஜெயப்பிரியா. அப்புறம் ரேணுகா. அப்புறம் கோமதி."

எனக்குத் தாங்கவில்லை. "ஒன்னோடத மொதல்ல எடு தாயி!"

"என்னோடது எனக்குத் தெரியும் பெரியப்பா. திரும்ப எழுதிருவேன். அவங்களோடது எனக்குத் தெரியாது. என்ன நம்பித்தான விட்டிருக்காங்க."

ஜெயப்பிரியா வந்தது. ரேணுகா வந்தது. கோமதியில் பாதி வரும்போது தட்டின் சுற்று ஒரு மாதிரி இழுத்தது. அதுவும் வந்து முடிந்தது. சுகுணா என்று பெயர் போட்ட பையை பாலகணேஷ் தொட்டார். பச்சைக் கோடு கொஞ்ச தூரம் ஓடியது.

டிக், டிக், டிக்.

சுகுணா வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி ஐஸ் பெட்டியில் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தோம். அப்போது தட்டே சுற்றவில்லை.

கீழே மாடக்கண்ணு கடைசிப் படியில் ஒரு காலை வைத்து நின்றிருந்தான். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான்.

சுகுணா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வீட்டுல அந்தச் சத்தத்த நீங்க கேட்டீங்களாப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"கேட்டேன் தாயி" என்றான். "மொத நாளே கேட்டேன். பல்லி இப்பிடிக் கணக்கா மூணு மூணாச் சொல்லாதேன்னு ஒரு தரம் தோணுச்சு. ஒங்கம்மா தரையத் தட்டுனா. நல்லதச் சொல்லுதுன்னு நானும் விட்டுட்டேன்."

அவள் படியிறங்கி என் வண்டிப் பக்கம் போனாள்.

சனியும் ஞாயிறும் பாலகணேஷ் தன் கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். காலையில் கடை திறக்கும்போது போவாள், சாயந்தரம் வருவாள். மாசி மாசத்துக் காப்பியை வைத்துக்கொண்டு ஞாபகத்திலிருந்து அடித்தாள். இரண்டு மாத வேலை இரண்டு நாளில் வருமா? திரும்ப எழுதிருவேன் என்று அவள் சொன்னது அவசரத்தில் சொன்னது. அடித்தது ஓடவில்லை. ஓடாதது ஏன் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கொண்டுபோன இசக்கியம்மாள் அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள். வீட்டுக்குப் போய் விளக்குமாற்றை எடுத்து, சுவரில் கிடந்த பல்லியை எல்லாம் அடித்துத் தள்ளினாள். "எம்மவளக் கெடுத்துட்டியே, எம்மவளக் கெடுத்துட்டியே" என்று அழுதுகொண்டே அடித்தாளாம். மாரித்தாய் வந்துதான் விளக்குமாற்றைப் பிடுங்கியிருக்கிறாள். மாடக்கண்ணு வீட்டுக்குள்ளேயே இருந்தும் எழுந்து வரவில்லை.

திங்கள்கிழமை அவளோடு நாங்கள் இரண்டு பேரும் காலேஜுக்குப் போனோம். கேட்டுக்கு வெளியே ஒரு உடைமரத்தடியில் உட்காரச் சொன்னார்கள். பத்து மணிக்கு உள்ளே போனவள் மூன்று மணிக்கு வந்தாள். பின்னாலேயே மற்ற மூன்று பெண்களும் வந்தார்கள். அவர்கள் முகத்தில் சிரிக்கவும் முடியாத, அழவும் முடியாத ஒரு பாவனை.

"அவங்க மூணு பேரும் பாஸுப்பா" என்றாள்.

"நீ?"

"என் பாகத்த ஓட்டிக் காட்டச் சொன்னாரு. பாதியில நின்னுட்டு. இன்னும் அரை மணி நேரம் எடுத்துக்கோன்னாரு. அப்பவும் ஓடல. நவம்பர்ல மறுபடி வரணுமாம்."

"ஆகஸ்டுல கம்பெனி?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். ஜெயப்பிரியா என்ற பெண் குறுக்கே வந்து, "எங்களுத மொதல்ல எடுத்ததாலதான் அங்கிள். அவ சொல்லவே இல்ல. இப்பத்தான் சொன்னா" என்று சொல்லிவிட்டுத் தேம்ப ஆரம்பித்தாள்.

மாடக்கண்ணு எழுந்து நேரே கேட்டுக்குப் போனான்.

"பரீட்சை வச்ச சாரப் பாக்கணும்."

"பாக்க முடியாது. ஒமக்கு என்னவே வேணும்?" என்றார் வாட்ச்மேன்.

"ஒரு வார்த்த சொல்லணும். தப்பு பிள்ள மேல இல்ல, எம்மேலன்னு சொல்லணும்."

"அதெல்லாம் கேக்க மாட்டாங்கப்பா, வாங்க" என்று சுகுணா கையைப் பிடித்து இழுத்தாள். அவன் வரவில்லை. பஸ் ஒன்று போனது. இன்னொன்றும் போனது. வாட்ச்மேன் அவனை வைதார், பிறகு பாவப்பட்டார், கடைசியில் பேசாமல் இருந்துவிட்டார். மற்ற மூன்று பெண்களும் அவரவர் ஊர் பஸ்ஸில் போய்விட்டார்கள்.

ஐந்து மணிக்கு அந்த வெளியூர் வாத்தியாரை ஏற்றிக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் உள்ளேயிருந்து வந்தது. கேட் திறந்ததும் மாடக்கண்ணு அதன் முன்னால் போய் நின்றுவிட்டான். டிரைவர் ஹார்ன் அடித்தார். நகரவில்லை. மறுபடி அடித்தார். அவன் பின்சீட்டுக் கண்ணாடிப் பக்கமாக ஓடி, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு, மூச்சுவிடாமல் சொன்னான்.

"சார், ரெண்டு சத்தம் வந்துது சார். நான் ஒண்ணத்தான் பாத்தேன். இன்னொண்ண விட்டுட்டேன். பிள்ள அன்னைக்கே காப்பி எடுக்கணும்னு சொன்னா. நாந்தான் வேண்டாம்னு சொன்னேன் சார். அவ நல்லாத்தான் செஞ்சிருந்தா சார்."

கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளே இருந்தவருக்கு அவன் யார் என்பதே தெரியவில்லை. "யாருய்யா இது, கார்ல வந்து விழறது? அவ்வளவு ஹார்ன் அடிக்கிறாங்க, காது கேக்காதா உனக்கு?" என்றார். கண்ணாடி ஏறியது. கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ரோட்டில் திரும்பியது.

சுகுணா ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். அவன் கண்ணெல்லாம் புழுதி.

"சொல்லிட்டேன் தாயி" என்றான்.

"சொல்லிட்டீங்கப்பா."

"அவரு என்னமோ சொன்னாரே. வண்டி இரைச்சல்ல எனக்குச் சரியா கேக்கல. என்ன சொன்னாரு?"

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்துப் புழுதியைத் தன் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நவம்பர்ல நல்லபடியா பாத்துக்கிடலாம்னு சொன்னாருப்பா."

அவன் என் பக்கம் திரும்பினான்.

"ஆமாலே" என்றேன். "எனக்கும் அப்பிடித்தான் கேட்டுது."